‘மாவு’ என்று எழுத மறுத்தவள்

“அந்தாண்ட வை யக்கா” என்று சொல்லிக்கொண்டே விக்டோரியா இரண்டடி பின்னால் போகிறாள். எதிர்வீட்டு லட்சுமியம்மாள் நீட்டுவது பாம்பல்ல, ஒரு தூக்கு இட்லி மாவு. மணவாள நகரில் அந்தத் தெருவுக்கே அவள் மாவுதான். விக்டோரியா வீட்டில் மட்டும் வருஷக்கணக்காகக் கோதுமை உப்புமாவும் சேமியாவும். “லேபுல நீ வளக்குற செல்லுக்கு நோவு வரக்கூடாதுன்னு எங்க நாக்கைச் சாவடிக்கிறியே” என்று கணவன் தாமஸ் முனகுவான். “ஞாயித்துக்கிழமை ஸ்டேஷனாண்ட போய் இட்லி துன்னுட்டு வா. யாரு வேணான்னது?” என்பாள்.

காக்களூர் தொழிற்பேட்டையில், ரசாயனங்களைச் சோதித்துச் சொல்லும் தனியார் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. மனித உயிரணுக்களைக் குப்பிகளில் விட்டு, உடம்புச் சூடுள்ள அலமாரியில் வைத்து வளர்ப்பாள். அவை மிதக்கும் இளஞ்சிவப்புத் தீனிநீரில் புளித்த மாவின் ஈஸ்ட் துளி கலந்தால் போதும், மோர் மாதிரி கலங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த சுமலதா ஒரு நாள் மாவு கரைத்த கையோடு வந்து ஓர் அலமாரிக் குப்பிகள் அத்தனையையும் கெடுத்தாள். அன்று முதல் அங்கே எது கெட்டாலும் மூடியில் ‘மாவு’ என்று எழுதிக் கொட்டிவிடுவது வழக்கமாகிப்போனது. விக்டோரியா அந்தச் சொல்லை ஒரு முறைகூட எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

காலையில் அலமாரியைத் திறக்கும்போது, “இன்னா நைனா, சாப்ட்டியா?” என்று உயிரணுக்களை விசாரிப்பாள். ஆனால் பக்தியெல்லாம் கிடையாது. ஆயுத பூஜைக்கு நுண்ணோக்கியில் வைத்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, “இதுக்கு இன்னா கல்யாணமா?” என்றவள். வேளாங்கண்ணித் தீர்த்தத்தைத் தெளிக்கச் சொன்ன சொந்த அம்மாவிடமும், “எந்த சாமித் தண்ணியும் வடிகட்டாம உள்ள வராதும்மா” என்றாள்.

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, பெயிண்ட் தொட்டி கழுவும் புதுத் திரவம் ஒன்று சோதனைக்கு வந்தது. அவள் தம்பி எட்வின் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. அந்தத் திரவத்தில் துணியை நனைத்துத் தொட்டி துடைப்பவன். குப்பியில் வளரும் உயிரணுவைக் கையுறை போடாமல் யாரும் தொடுவதில்லை. தொட்டி துடைக்கிறவனுக்குக் கையுறையே கொடுப்பதில்லை.

சோதனை எளியது, இரக்கமற்றது. உயிரணுக்களைத் திரவத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவி, சில நாள் வளர்த்து, பிறகு ஒரு விஷத்தோடு குழிகள் கொண்ட தட்டில் விடவேண்டும். சாதாரண உயிரணு அந்த விஷத்தில் செத்துப்போகும். மரபணு பிறழ்ந்தது மட்டும் பிழைத்து, பெருகி, புள்ளியாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, திரவம் படாத தட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். பட்டவற்றில் குழிக்குக் குழி புள்ளி. திரவம் மரபணுவைக் கெடுக்கிறது, புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியது என்று அதற்கு அர்த்தம்.

மேலாளர் முனுசாமி ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்த முடிவைக் கொடுத்தால் அந்தக் கம்பெனி மறுபடி வாசலை மிதிக்காது என்பது அவர் கவலை.

“இது மாவும்மா. எழுதிட்டுக் கொட்டிடு.”

“மாவுன்னா எல்லாத் தட்டும் கலங்கணும் சார். அந்தத் தொட்டி கழுவுற மருந்து படாதது கண்ணாடியாட்டம் கீது. ஈஸ்ட்டு இன்னா, ஆள் பாத்து வருமா?”

“உன் தம்பி அங்கதானே வேலை செய்யறான்? அதான் உனக்கு எல்லாம் புள்ளியாத் தெரியுது.”

சுமலதா தலை குனிந்துகொண்டாள். விக்டோரியாவின் குரல் உயரவில்லை.

“கேக்கவேண்டிய கேள்விதான் சார். என் கண்ணை நம்பவேணாம். டெஸ்ட்டைத் திரும்பப் போடலாம். குப்பிக்கு நீங்க நம்பர் போடுங்க, சுமலதா ஊத்தட்டும். எதுல மருந்து, எதுல தண்ணின்னு எனக்குத் தெரியவே வேணாம். நான் புள்ளியை எண்ணி முடிச்சப்புறம் எந்த நம்பர் எதுன்னு பிரிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் இதைக் கொட்டமாட்டேன்.”

“கொட்டுன்னு நான் சொன்னா?”

“நீங்களே கொட்டுங்க. மாவுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அங்க பசங்க வெறுங்கையில தொடச்சிக்கினு கீறாங்க சார். அவுங்க உடம்புல பிறழ்ந்தா எந்தத் தட்டைத் தூக்கிப் போடுவீங்க?”

முனுசாமி தட்டை மேஜையில் வைத்தார். கையெழுத்துப் போட அவருக்குத் துணிவில்லை.

அடுத்த வாரம் புது உயிரணுக்கள் தயாராயின. சுமலதா குப்பிகளை வரிசையாக அடுக்கினாள். முனுசாமி மார்க்கர் பேனாவை மூடி கழற்றாமல் வைத்துக்கொண்டு, இவள் இப்போதாவது விட்டுவிடுவாளா என்பதுபோல் பார்த்தார்.

“நம்பரைப் போடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, விக்டோரியா தன் ஸ்டூலை இழுத்துப்போட்டு, குப்பிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.