பிரேக் இல்லாத சக்தி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் பிரேக் என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி ஓடும் என்று கேட்க மாட்டார், எப்படி நிற்கும் என்றுதான் கேட்பார். புது மிக்ஸி வாங்கிக் காட்டினாலும் அதே கேள்விதான். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற மனிதர், என் மருந்துக் கடை ஸ்டூல்மேல் ஏறச் சொன்னால் இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார். கேலி செய்தால், "பயம்தான் சார் எனக்குச் சோறு போடுது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு மேசையைச் சுற்றி ஒரு சூப்பர் ஹீரோ விளையாட்டு நடக்கும். நரை விழுந்த வயதில் இதென்ன கூத்து என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, அவனுக்கு ஒரு சக்தி கொடுத்து, வாயாலேயே கதையை நடத்த வேண்டும். ஊரும் வில்லனும் ஆபத்தும் பிரேக்கின் பொறுப்பு. எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். யாருடைய சக்தியும் ஓங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் பிரேக்கின் வேலைதான். நான் பறப்பேன், ஆனால் கீழே யாராவது உதவிக்குக் கத்தினால் இறங்கியே ஆக வேண்டும். அவர் தங்கை சுவருக்குள் புகுந்து போவாள், ஆனால் கையில் ஒரு குண்டூசிகூட எடுத்துப் போக முடியாது. இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு பிரேக் வைத்திருந்தார்.

ஒன்றே ஒன்றுக்கு வைக்கவில்லை. தங்கையின் கணவர் தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்பவர், பேச்சிலேயே ஆளைக் கவிழ்ப்பவர். அவர் கேட்டது, அடுத்தவர் மனதைப் பிடித்து ஆட்டுகிற சக்தி. இந்த விளையாட்டில் இதைப்போலச் சண்டை மூட்டுகிற சக்தி வேறு கிடையாது. பறக்கிறவனோடு மோதலாம், மனதையே பிடுங்கிக்கொள்கிறவனிடம் எதை வைத்து மோதுவது? நான் வேண்டவே வேண்டாம் என்றேன். வீட்டு மாப்பிள்ளை கேட்கிறாரே என்று பிரேக் விட்டுக்கொடுத்தார். பிடிபட்டவர் தன் பகடையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும், அந்தச் சுற்று முடிந்து அவர் திருப்பித் தரும்வரை வாய் திறக்கக் கூடாது என்று பிரேக்கே ஒரு வழக்கமும் வைத்தார்.

மாப்பிள்ளை பிடித்ததெல்லாம் பெரும்பாலும் மனைவியின் வீராங்கனையைத்தான். அவளை வில்லன் காலில் விழவைப்பார், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கவைப்பார். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே, பகடையை அவளிடம் திருப்பிக் கொடுத்த பிறகு, "டீயா காபியா?" என்று பிரேக் தங்கையைக் கேட்டார். அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் "டீ" என்றார். அவளும் "டீ" என்றாள்.

மறுநாள் பிரேக் என் கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், பகடை அவ கையிலதானே இருந்துச்சு?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நான் சிரித்தேன்.

"நான் போன் பண்ணா அவர்தான் எடுக்கறார். அவகிட்ட குடுத்தாலும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் குடுக்கறார். அவகூடத் தனியா பேசியே வருஷமாகுது சார். எனக்குப் பயமா இருக்கு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் அந்தப் பெண் வலிக்குத் தடவ மருந்து வாங்க வந்திருந்தாள். எங்கேம்மா வலி என்று நான் கேட்டதற்கு, கூடவே வந்திருந்த மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

"அந்த ஆளையே நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டுடலாம். அதுக்கப்புறம் அவ அவர்கூடத்தானே சார் வீட்டுக்குப் போகணும்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சும்மா இருந்தாலும் அவளுக்கு அடி, கேட்டாலும் அவளுக்கே அடி. எதையும் நிறுத்தத் தெரிந்த மனிதர் என் கடை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குமுன் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை, யோசிச்சுப் பாத்தேன். உங்க சக்தி கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு."

"அதைத்தானே மச்சான் நான் முதல்ல இருந்தே சொல்றேன்!"

"இனிமே ஒருத்தரைப் பிடிச்சா ஆட்டம் முடியற வரைக்கும் வெச்சுக்கலாம். அதுக்கு ஈடா ஒண்ணே ஒண்ணு. பிடிபட்டவங்க மனசோட மூலையில என்ன ஓடுதுன்னு நான் மட்டும் தனியா கேப்பேன், சமையல்கட்டுல வெச்சு. மத்தவங்க காதுல விழுந்தா சுவாரசியம் போயிடும்."

"என் பிடி விட்டுடாதே?"

"விடாது."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். ஆட்டம் முடியும்வரை என்ற ஆசை அவரை விழுங்கிவிட்டது. "சரி" என்றார். முதல் வேலையாக மனைவியின் மனதைப் பிடித்தார். அவள் பகடையைக் கொடுத்துவிட்டு அண்ணன் பின்னால் சமையல்கட்டுக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நடந்ததைப் பிரேக் பிறகு எனக்குச் சொன்னார். "பயமா இருக்கா?" என்று கேட்டாராம். "ஆட்டத்துலயா கேக்கற?" என்றாளாம். இல்லை என்று அவர் தலையாட்டியதும், அவள் முதலில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில்தான் பேசினாள்.

"வெளிய பூட்டிட்டு சாவியை எடுத்துட்டுப் போறார் அண்ணா."

"இன்னைக்குப் போகாதே."

"போகலன்னா என்ன பண்ணுவார்?"

"தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

வெளியே மாப்பிள்ளை பகடையை உருட்டிக்கொண்டே கதவைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தார். "என்ன இவ்ளோ நேரம்?" என்று எழுந்தார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "எங்க வீட்டுல தண்ணி மஞ்சளா வருது, எந்த மிஷின் வாங்கலாம்?" என்று கேட்டுவைத்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். விற்கிற புத்தி விடுமா? மனிதர் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கதவு திறந்தது. அவள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை.

"நான் வீட்டுக்கு வரல."

மாப்பிள்ளை சிரித்தார். பகடையைத் தூக்கிக் காட்டினார். "இது என்கிட்ட இருக்கு. நீ பேசக் கூடாது."

"நீங்களே வெச்சுக்குங்க. நான் வரல."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மச்சான், இது ஆட்டத்துல சேத்தியா?"

"இல்ல மாப்பிள்ளை."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். பிரேக் குறுக்கே போய் நின்றார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நானும் எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து விழுந்து, அந்தச் சத்தத்துக்கு நானே பயந்தேன். மாப்பிள்ளை எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பிரேக் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. பாதி வழியில் நின்றது. பிறகு ஒவ்வொரு படியாக மேலே வந்தது.

கதவைத் தட்டவில்லை. "கண்ணு" என்று மட்டும் கூப்பிட்டார். அவ்வளவு கனிவான குரல். அந்தக் குரலில் தேன் சொட்டியது. பிரேக்கே ஒரு கணம் தயங்கித் தாழ்ப்பாள்மேல் கை வைத்தார்.

"திறக்காதே அண்ணா" என்றாள் அவள். கதவுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே சொன்னாள்.