பின் சக்கரத்துக்கு ஒரு ஹப்

"பின்னால என்ன ஹப்னு முடிவு பண்ணுங்க அக்கா. அது தெரியாம நான் வெல்டிங் வைக்க மாட்டேன்."

கீழே ஈப்போ நகரத்தில் சைக்கிள் பிரேம் செய்து கொடுப்பவர் போனில் அனுப்பிய குரல் செய்தி அது. மலைமேல் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் பயமாக இருந்தது.

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை. கம்பிகள் எல்லாம் அதில்தான் வந்து சேரும். பின் சக்கரத்து ஹப்பில் ஒரு பக்கம் பல்சக்கரங்கள், மறு பக்கம் டிஸ்க் பிரேக்கின் தட்டு. அந்த ஹப் எவ்வளவு அகலமோ அதே அகலத்துக்குத்தான் பிரேமின் பின் கவையை, சக்கரம் நடுவில் உட்காரும் இரட்டைக் காலை, வைத்து ஒட்ட முடியும். ஒட்டிய பிறகு மனசு மாறினால் பிரேமையே அறுக்க வேண்டும்.

சாதாரணமாக சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. கடைக்குப் போவார்கள், நிறம் பார்ப்பார்கள், ஏறி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். என் இடது கைக்கு அப்படி ஒரு சைக்கிள் எங்கும் கிடைக்கவில்லை.

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நிரை நிரையாக நடப்போம். ஒரு மழை நாளில் சரிவில் என் கால் வழுக்கியது. விழும்போது பிடிமானத்துக்கு நீட்டிய கை மெஷினுக்குள் போய்விட்டது. இப்போது அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்னபடி கேட்கும். மற்ற மூன்றும் சும்மா கூட இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் மலைக் கொழுந்து வேலையிலிருந்து என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையானால் நான் சைக்கிளில்தான் இருப்பேன். பக்கத்து ஊரான திரிங்காப்புக்கு, சில நாள் இன்னும் தள்ளிக் கியா பார்ம் வரைக்கும். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. போவேன், பாலில்லாத தே ஓ டீ ஒன்று குடிப்பேன், திரும்பி வருவேன். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

கை ஆறிய பிறகு பழைய சைக்கிளை ஒரே ஒரு தடவை எடுத்தேன். அதில் ரப்பர் கட்டை போய் ரிம்மைக் கவ்வுகிற பிரேக். ரிம் நனைந்திருந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாலே மெதுவாகத்தான் நிற்கும். வலது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் போனபோது, எதிரே காய்கறி ஏற்றிய லோரி வளைவில் திரும்பியது. சாலையோரத்து மண்ணில் சைக்கிளை விட்டு நானும் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. லோரிக்காரர்தான் இறங்கி வந்து என்னைத் தூக்கி, சைக்கிளையும் லோரியில் ஏற்றி வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே அந்தச் சைக்கிளை மண் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். அவர் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். சில வாரம் கழித்து, சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டிஸ்க் பிரேக் வெச்சு ஒன்னு செஞ்சா ஓட்டுவியா?"

"ஒரு கையாலயா?"

"ஒரே லீவர் புடிச்சா முன்னும் பின்னும் சேர்ந்து புடிக்கிற மாதிரி இருக்காம்லா. ஈப்போல ஒருத்தர் செய்யறாராம்."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஹப்பைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

குரல் செய்தி வந்த பிறகு தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். தெரியத் தெரியப் பயம்தான் கூடியது. 135 மில்லிமீட்டர் அகலம் என்று ஒன்று, 142 என்று ஒன்று, 148 என்று இன்னொன்று. சிலதில் டிஸ்க் தட்டை ஆறு திருகு போட்டு மாட்ட வேண்டும், சிலதில் நடுவில் ஒரே வளையம். வீடியோவில் ஒருவர் சத்தியம் செய்து சொன்னதை அடுத்தவர் தப்பு என்றார். இதற்கு நடுவில் அவசரப்பட்டு ஆன்லைனில் ஒரு ஹப் வாங்கினேன். தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரிடம் அளவுகோல் வாங்கி அளந்து பார்த்தால் 148. ஈப்போக்காரரிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன மெல்லிய டயருக்கும் சின்னப் பல்சக்கரத்துக்கும் அவ்வளவு அகலமான பின்பக்கம் வேண்டாம், சங்கிலி கோணலாக ஓடும் என்றார். திருப்பி அனுப்பினேன். இனி எதைத் தொட்டாலும் தப்பாகத்தான் போகும் என்று தோன்றியது. வேலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டும்போதுகூட அளவுகள்தான் தலைக்குள் ஓடின.

"நீ போய் நேர்லயே பாரு. யோசிச்சு யோசிச்சு உடம்பு கெட்டுப்போகுது" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வாரம் லீவு போட்டு, நானும் அவரும் பக்கத்துச் சிறு ஊரான கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்கினோம். பட்டறை ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இருந்தது. ஈப்போக்காரர் நான் நினைத்ததைவிட இளையவர். என் கையை முதலில் பார்த்தார். பரிதாபமாகப் பார்க்காமல், அளவெடுப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஒரு பழைய பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு சக்கரத்தை என்னிடம் கொடுத்தார்.

"இது 135. நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் சாமான் கிடைக்கும். நீங்களே மாட்டிப் பாருங்க அக்கா."

"நானா?"

"ரோட்டுல பஞ்சரானா யாரு கழட்டுவா? நீங்கதானே?"

அந்தச் சக்கரத்தைக் கவையில் இருக்கும் திறந்த வாயில் உட்கார வைத்து, ஒரு பக்கத்துத் திருகை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்துச் சின்னக் கைப்பிடியை வலது கையால் மடக்கி இறுக்க வேண்டும். செய்தேன். இறுக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். ஹப் கவையின் வாயில் ஒரு பக்கமாக நழுவி, சக்கரம் சாய்ந்து, பிரேமில் உரசி நின்றது.

இறக்கத்தில் நான் போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்திருந்தால் என்று மூன்று பேருமே நினைத்திருப்போம். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இன்னொரு தடவை பண்றேன்" என்றேன். மறுபடியும் நழுவியது. திருகைப் பிடித்திருந்த இடது கை என்னை அறியாமல் விட்டுக் கொடுத்திருக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது. "விட்டுருங்க தம்பி. எனக்கு சைக்கிள் வேணாம்."

ஈப்போக்காரர் இன்னொரு பிரேமையும் சக்கரத்தையும் எடுத்து வந்தார். இது 142. கவையில் திறந்த வாய் இல்லை, இரண்டு பக்கமும் வட்டத் துளைகள். சக்கரத்தை நடுவில் வைத்து, விரல் தடிமனில் ஒரு தண்டை இந்தப் பக்கத்திலிருந்து ஹப்புக்குள் விட்டு, அந்தப் பக்கத்துத் திருகு மரையில் போய்ப் பிடிக்கும்வரை திருகுச் சாவியால் திருக வேண்டும். இடது கைக்கு வேலையே இல்லை, சக்கரத்தைச் சும்மா தாங்கினால் போதும். திருகினேன். தண்டு போய் முட்டி நின்றது கையில் தெரிந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் நின்றது, அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் அசையவில்லை.

எனக்கு உடனே அடுத்த பயம் வந்துவிட்டது. "மேல எங்க ஊர்ல இதுக்குச் சாமான் கிடைக்காதே தம்பி?"

"ஹப் சீக்கிரம் கெடாது. பல்சக்கரம்தான் தேயும். அது பழைய மாதிரிப் பல்சக்கரம் ஏறுற ஹப்பா பார்த்துப் போடறேன். கம்போங் ராஜா கடையிலயே வாங்கிக்கலாம். டிஸ்க் தட்டும் ஆறு திருகு மாட்டற மாதிரி, எங்கயும் கிடைக்கும்."

வாசலில் நின்ற வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "வெல்டிங் வைங்க."

சில வாரம் கழித்துச் சைக்கிள் வந்தது. முதல் நாள், ஞாயிறு காலை. பனி கீழே இறங்கி நின்றது, தேயிலை நிரைகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்காரர் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தோட்டத்து ரோட்டில் இறங்கத் தொடங்கியதுமே பின்னாலிருந்து சிர் சிர் என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் டக்கென்று ஒரு ஆட்டம். விட்டால் மறுபடியும் சிர் சிர். ஹப்பைத் தப்பாகத்தான் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. முன்னால் வளைவு. லீவரை இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றது.

அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னாச்சு? போதும், வீட்டுக்குப் போலாம்."

"இருங்க." சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. தண்டில் சாவியைப் போட்டால் விரல் பலத்துக்கே சுற்றியது. "இது லூசா இருக்குங்க. நேத்து நான்தானே இறுக்குனேன்? முட்டி நின்னுச்சே."

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னங்க?"

"காலையில நீ தலை சீவிக்கிட்டு இருந்தப்ப நான் ஒருவாட்டி கழட்டிப் பார்த்தேன்" என்றார். "சரியா மாட்டியிருக்கியான்னு. திரும்பப் போட்டேன். இறுக்குனேன்னுதான் நெனச்சேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் முகம் அன்றைக்கு ஈப்போவில் வாசல் பக்கம் போய் நின்றபோது இருந்த மாதிரியே இருந்தது. சக்கரத்தைச் சரியாக உட்கார வைத்து, தண்டை முட்டும் வரைக்கும் திருகினேன். சுற்றிவிட்டேன். சத்தமே இல்லை.

"இனிமே இதை நான்தான் மாட்டுவேன்" என்றேன். "யாரும் தொடக்கூடாது."

"சரிலா."

"நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு மேலே போனார்.

திரிங்காப் வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் லீவரை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். ஒரு லோரி வந்தது. முன்பு விழுந்த இடத்துக்கு அருகேதான். ஒற்றைக் கையால் பிடித்தேன். நனைந்த ரோட்டில் சைக்கிள் நேராக, சாந்தமாக நின்றது. லோரி கடந்து போய், அதன் முட்டைக்கோஸ் வாசனையும் போன பிறகுதான் மறுபடி மிதித்தேன்.

திரிங்காப்பில் வழக்கமாகப் போகும் பாய் டீக்கடையில் தே ஓ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "வந்து சேந்துட்டேன்" என்று வீட்டுக்காரருக்குப் போனில் அனுப்பினேன். போனை மேசையில் வைப்பதற்குள் பதில் வந்தது. "சரி." அதற்குக் கீழே, கொஞ்சம் விட்டு, "மெதுவா வா."

இப்போதும் மழை பெய்தால் நான் பயப்படத்தான் செய்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் தண்டில் சாவியைப் போட்டு ஒருமுறை பார்ப்பேன். அவர் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார், வெளியே வரமாட்டார். போன ஞாயிறு கியா பார்ம் வரைக்கும் போய்வந்தேன். திரும்பும் வழியில் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். ஸ்ட்ராபெரி கடைக்காரப் பெண் ஒருத்தி, "அக்கா, இது ஈப்போல செஞ்சதா? எங்க அண்ணனுக்கும் ஒன்னு வேணும்லா" என்று பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, தண்டு எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது என்று அவளுக்குக் காட்டினேன்.