கவ்வாத்துக் கத்தித் தூள்

தலவாக்கலைப் பள்ளியில் விஞ்ஞான வகுப்பு நடக்குமா நிற்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். செய்முறை காட்ட வசதியில்லாத பள்ளிக்கு இந்த வகுப்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டு பள்ளிகளைச் சோதிக்கும் வித்தியாதரிசி வந்திருந்தார். என் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள். வகுப்பு நின்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துத் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்புகிறேன் என்று கங்காணியிடம் அரைமனதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

நெருப்புப் பட்டால் வெடிக்கும் ஐதரசன் வாயுவைச் செய்து காட்ட நாகம் என்கிற துத்தநாகமும் அமிலமும் வேண்டுமாம். இரண்டும் இல்லை. அந்த வகுப்பை எடுக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் என் கொல்லுலைக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, அமோனியாவைப் பழுக்கக் காய்ச்சின இரும்புத் தூளுக்குள்ளாலை விட்டால் உடைஞ்சு ஐதரசன் வரும். இரும்பு செலவாகாது."

என்னிடம் இல்லாத தூளா? தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளை அராவி அராவி மூலையில் குவிந்து கிடந்தது. அமோனியாவுக்குத் தோட்டத்து உரம் ஒரு பிடி, கூடக் கலந்து சூடாக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு டப்பாவை எடுத்ததும் என் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

"வெத்தலைச் சுண்ணாம்பையுமா? வர்ற ஐயாவுக்கு வாய் செவக்கணுமாக்கும்!"

வகுப்பறையில் அடுப்பு மூட்டி நான் துருத்தி ஊதினேன். தூள் அடைத்த இரும்புக் குழாய் சிவந்தது. அதன் வழியே வந்த வாயு தண்ணீரில் குமிழியிட்டு, கவிழ்த்த போத்தலில் சேர்ந்தது. மாஸ்டர் நெருப்புக்குச்சியை நீட்டினார். குச்சி அணைந்தது. இரண்டாவது போத்தலிலும் அணைந்தது.

"மாஸ்டர், இது வெறுங் காத்தெல்லோ?" என்றார் வித்தியாதரிசி.

மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "தூள் துருப்பிடிச்சுக் கிடக்கு. வாற ஐதரசனைத் துரு குடிக்குது. அது தீரட்டும், ஊதுங்கோ."

"அதுக்குள்ள உரம் தீந்துட்டா, மாஸ்டர்?"

மாஸ்டர் அடுத்த போத்தலை எடுத்துக் கவிழ்த்தார். வித்தியாதரிசி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகள் போத்தலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துருத்தியை விடவில்லை.

மூன்றாவது போத்தலில் குச்சி பட்டதும் 'பக்'கென்றது. பிள்ளைகள் கத்தினார்கள். வித்தியாதரிசி தொப்பியைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"இன்னொருக்கால் செய்யும்."

செய்தோம். வெடித்தது.

"சரி, வகுப்பு நடக்கட்டும். வாற வருசமும் வந்து பாப்பன்."

சாயங்காலமே கங்காணியிடம் போனேன். "மக பேர எழுத வேணாங்க."

"ஏன், தொரசாணியாகப் போறாளோ?"

"இந்த வருசம் படிக்கட்டுங்க," என்றேன். அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. உலைக்குத் திரும்பி, அன்று அராவிய தூளைத் துருவேறுமுன் காய்ந்த டின்னில் அள்ளி இறுக மூடி வைத்தேன்.