மூக்கைக் கட்டிய தோட்டக்காரர்

ஐம்பதுகளில் ஸ்ரீரங்கத்து நந்தவனம் ஒன்றில் நான் பார்த்த அந்தத் தோட்டக்காரர், மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருப்பார். மல்லிகைப் பாத்தியில் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஓட்டமும் நடையுமாகவே பறிப்பார். ஒருநாள் தெரியாத்தனமாக அவர் கூடையில் குனிந்து முகர்ந்துவிட்டேன்.

“பெருமாளுக்குப் பறிச்சதை மோந்துட்டீங்களே! இனிமே சாத்த முடியாதுங்க” என்று அத்தனை பூவையும் வேலியோரம் கொட்டினார்.

சங்கடத்தை மறைக்க, “உங்களுக்கு எந்தச் செடி ரொம்பப் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“கனகாம்பரம்தாங்க. வாசனையே கிடையாது. அது பக்கத்துலதான் நிம்மதியா மூச்சு விடுவேன்.”

வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். துண்டை அவிழ்த்துவிட்டு, கொட்டிய மல்லிகையில் முகம் புதைத்திருந்தார். வெட்கத்தில் அதன்பின் நான் அங்கே போகவில்லை. போய் இன்னொரு கூடையையும் முகர்ந்திருக்க வேண்டுமோ என்று இன்னும் மனசு அரிக்கிறது.