லைப்ரரி அக்காவின் குரூப்

என் கடை மொபைல் ரிப்பேர் கடை. எதிரே கிளை நூலகம். இரண்டுக்கும் நடுவில், ஒரு வேன் வந்தால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்கு ஒரு தெரு. நான் படிக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட அன்றைக்கே புத்தகத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஆனாலும் அந்த நூலகத்தைப் பற்றியும் அதை நடத்திய அக்காவைப் பற்றியும் சொல்ல இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அது செத்துப்போனதை முழுதாக உட்கார்ந்து பார்த்தவன் நான்தான்.

எல்லோருக்கும் அவர் லைப்ரரி அக்கா. குட்டை உருவம், தோளில் தொங்கும் துணிப்பை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், பிறகுதான் வாயைத் திறப்பார். கண்ணாடி மேசைக்குப் போனாலே எதிரில் இருப்பவர் உஷாராகிவிட வேண்டும். நூலகர், உதவியாளர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் அங்கே அவர் ஒருவர்தான். ஒரே கூடம், சுற்றிலும் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு நீள மேசை. மேலே இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும், இன்னொன்று சுற்றுவதாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பேப்பர் படிக்க நாலைந்து பெரியவர்கள் வருவார்கள். அவர்கள் போன பிறகு அக்கா ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சார்ஜ் ஏறாத போனோடு என் கடைக்கு வந்தார். நான் அப்போது புதிதாக வந்த போன் கவர்களைப் படம் எடுத்து வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"இதைப் பார்த்து ஆளுங்க வர்றாங்களா தம்பி?"

"வர்றாங்கக்கா."

"அப்ப புத்தகத்துக்கும் வருவாங்க. எனக்கும் ஒரு குரூப் போட்டுக் கொடு."

"அக்கா, போன் கவர் எல்லாருக்கும் வேணும். புத்தகம் யாருக்குக்கா வேணும்?"

கண்ணாடி கழன்றது. நான் வாயை மூடிக்கொண்டு குரூப் போட்டுக் கொடுத்தேன்.

அக்காவின் வழி தனி வழி. வேறு யாராவது என்றால் அட்டைப் படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். இவர் படத்துக்குக் கீழே முதல் சில பக்கங்களைத் தன் குரலில் படித்து அனுப்புவார். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. பஸ் கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டு போவது போலத்தான் படிப்பார். ஆனால் கதை சூடுபிடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "மீதி வேணும்னா புத்தகத்துல இருக்கு" என்று முடித்துவிடுவார். ஒருமுறை பழுதான ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க அதைப் போட்டேன். கதையில் வந்த ஆள் கதவைத் திறந்தானா இல்லையா என்று தெரியாமல் அன்று மதியம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. வெட்கத்தை விட்டு எதிரே போய்க் கேட்டேன். "படிச்சுப் பாரு" என்று புத்தகத்தை நீட்டினார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

குரூப் பிய்த்துக்கொண்டு போனது. "எனக்கு அக்கா", "எனக்குத்தான் முதல்ல அக்கா" என்று சண்டை. காலை வணக்கம் என்று பூப்படம் அனுப்புகிறவர்களை அக்கா குரூப்பிலேயே திட்டுவார். அதற்காகவே சிலர் அனுப்புவார்கள். தவணை முடிந்தால் நேரில் வர வேண்டாம், ஒரு மெசேஜ் போட்டால் "புதுப்பிச்சாச்சு" என்று பதில் வந்துவிடும். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அந்தந்தத் தெருவில் புத்தகத்தையும் இறக்கிவிடுவார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட சேர்ந்தாப்புல ரெண்டு நிமிஷம் பேசினதில்ல. ஊருக்கெல்லாம் கதை சொல்றா" என்று என்னிடம் புலம்புவார். புலம்பலுக்குள் இருந்தது முழுக்கப் பெருமை.

இதில் தையல்காரம்மாவைச் சொல்ல வேண்டும். பின் தெருவில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர். மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். படுத்தபடி டைப் பண்ண வராது, எல்லாம் குரல் செய்திதான். அக்கா அவருக்கு ஒரு பெரிய நாவலின் முதல் பாகத்தை அனுப்பினார். ஒரு பெண் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிற கதை. "மெதுவாத்தான் படிக்கிறேன் கண்ணு, முடிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு" என்று தையல்காரம்மா சொல்லி அனுப்பினார். அக்கா அதை எனக்கு இரண்டு தடவை போட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கூடத்துக்குள் ஆள் வருவது நின்றே போயிருந்தது. வந்துதான் ஆக வேண்டும் என்ற தேவையை அக்காவே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தார். பேப்பர் பெரியவர்களுக்கும் பிள்ளைகள் போன் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் அந்த வாசற்படியை மிதித்த வெளியாள் நான் ஒருவன்தான், அதுவும் குடிதண்ணீர் பிடிக்க.

அப்போதுதான் தகவல் வந்தது. ஆள் வராத கிளைகளை மூடப்போகிறார்களாம், நேரில் பார்த்து முடிவு சொல்ல மறுநாள் ஓர் அதிகாரி வருகிறாராம். அக்கா அன்று கதை படிக்கவில்லை. "நாளைக்கு எல்லாரும் ஒரு அரை மணி நேரம் வந்து உட்கார்ந்துட்டுப் போங்க. இல்லைன்னா இந்த நூலகம் நமக்கு இருக்காது" என்று மட்டும் பேசி அனுப்பினார். பதில்கள் குவிந்தன. கட்டைவிரல், கை கூப்பல், சிவப்பு இதயம். "கண்டிப்பா அக்கா." "நாங்க இருக்கோம் அக்கா." ஒருவர் நூலகத்தின் அருமை பற்றிக் கவிதையே எழுதிப் போட்டார். தையல்காரம்மா மட்டும், "நடக்கிற ஆளா இருந்தா மொத ஆளா வந்திருப்பேன் கண்ணு" என்றார்.

மறுநாள் அக்கா மேசையைத் துடைத்து, நாற்காலிகள் போதாதென்று என் கடையிலிருந்தும் இரண்டு வாங்கிப் போட்டார். ஒருவரும் வரவில்லை. கட்டைவிரலைக் காட்டியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று அத்தனை பேரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் போய் உட்கார்ந்து, கைக்கு வந்த புத்தகத்தை விரித்துக்கொண்டேன். அதிகாரி வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நின்றார்.

"என்ன படிக்கிறீங்க?"

அப்போதுதான் நானே அட்டையைப் பார்த்தேன். "கோழி வளர்ப்பு சார்."

"கோழி இருக்கா?"

"இல்ல சார்."

அவர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார். அக்காவுக்கு முகம் வெளிறிப் போனது. சட்டென்று பையிலிருந்து போனை எடுத்தார். "சார், ஆள் இல்லைன்னு நினைக்காதீங்க. எல்லாரும் இதுல இருக்காங்க. பாருங்க சார்" என்று குரூப்பைத் திறந்து நீட்டினார்.

அதிகாரி பார்த்தார். நின்றபடி பார்த்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பார்த்தார். அக்கா படித்த கதை ஒன்றைப் போட்டுக் கேட்டார், அது நின்ற இடத்தில் "அப்புறம்?" என்று அவரே கேட்டுவிட்டார். வேன் ஏற்பாடு, புதுப்பிக்கிற விதம் எல்லாவற்றையும் விசாரித்துத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். "பிரமாதம்மா. இப்படி ஒரு வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்ல" என்றார். அது பொய் இல்லை, மனதாரச் சொன்னார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா என் கடைக்கு ஓடி வந்தார். "தப்பிச்சோம் தம்பி!"

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. போன் வழியாகவே சேவை இவ்வளவு சிறப்பாக நடப்பதால் இந்தக் கிளைக்குத் தனிக் கட்டடம் தேவையில்லை, வாசகர்களைத் தலைமை நூலகத்தின் இணையப் பக்கத்தோடு சேர்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது. அக்காவுக்குப் பாராட்டும் அதிலேயே இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். அதைக் கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் காட்டாம இருந்திருந்தா?" என்று அக்கா கேட்டார்.

"ஆள் இல்லைன்னு மூடியிருப்பாங்கக்கா."

"காட்டினதால?"



புத்தகங்களைச் சாக்கு மூட்டையில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். அக்கா ஒவ்வொரு அலமாரியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார், அழவில்லை. குரூப்பில் சேதி போட்டதும் "ஆழ்ந்த வருத்தங்கள்" என்று வரிசையாக வந்தன. கண்ணீர் விடுகிற மஞ்சள் முகங்கள். பத்தாவதோ பதினொன்றாவதோ ஒரு பூப்படம், காலை வணக்கம். அக்கா திட்டவில்லை.

தலைமை நூலகத்தில் அவரைப் புத்தகம் கொடுக்கிற பக்கமே விடவில்லை. தரைக்குக் கீழே ஒரு அறை, புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டுகிற வேலை. எங்கள் கிளையின் மூட்டைகளும் அதே அறையில்தான் சுவரோரமாகக் கிடந்தன. அவிழ்க்கக் கூடாது. முதலில் பட்டியல் போட வேண்டும், பட்டியல் போட ஆள் போடவில்லை. கீழ் வரிசை மூட்டைகளில் ஈரம் ஏறுகிறது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். சொன்னதைக் குறித்துக்கொண்டார்களாம்.

போன வாரம் வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்தார். போனின் பேட்டரி வீங்கிப் பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசவில்லை.

"குரூப்பை எடுத்துடு தம்பி. எல்லாம் புதுப் பக்கத்துலதான் நடக்கணுமாம். இது இருந்தா குழப்பமாம்."

ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டு வந்தேன். கவிதை எழுதியவரை முதலில் அனுப்பினேன், அதில் எனக்கு ஒரு திருப்தி. தையல்காரம்மாவின் பெயரில் விரல் வந்ததும், "அவங்க கடைசியில" என்றார் அக்கா. மற்ற எல்லோரையும் அனுப்பி முடித்த நேரம், அவரிடமிருந்தே செய்தி வந்து விழுந்தது. கை பட்டு அது சத்தமாக ஓடத் தொடங்கியது.

"கண்ணு, நல்லா இருக்கியா? மொத பாகம் முடிச்சு ரொம்ப நாளாச்சு. அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையான்னு அதே நெனப்பா இருக்கு. புதுசா ஒண்ணு சொன்னாங்களே, அதுல இருந்த நம்பருக்குப் போட்டுக் கேட்டேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லுது, மனுஷங்க யாரும் பேசல. ரெண்டாம் பாகம் எப்ப கண்ணு வரும்? அவசரமில்ல. நான் எங்க போகப் போறேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். திட்ட அங்கே யாரும் இல்லை. புடவை நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, போனை என்னிடமிருந்து வாங்கி வாயருகே வைத்துப் பேசினார். அதே கண்டக்டர் குரல்.

"அதை வேற யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா. பெரிய புத்தகம் இல்லையா, மெதுவாத்தான் படிப்பாங்க. திருப்பிக் கொடுத்ததும் மொதல்ல உங்களுக்குத்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குக்கா பொய்? புத்தகம் மூட்டையிலதானே கெடக்கு? அந்தப் பொண்ணு திரும்பிப் போனாளா இல்லையான்னு நீங்களே சொல்லிட்டா அவங்க நிம்மதியா இருப்பாங்க இல்ல?"

"எனக்கும் தெரியாது தம்பி. அவங்க படிச்சு முடிச்சதும் எடுக்கலாம்னு இருந்தேன்."

மறுபடி போன் மினுங்கியது. இந்த முறை அக்காவே அழுத்தினார்.

"அப்படியா? படிக்கட்டும் கண்ணு, படிக்கட்டும். நம்ம லைப்ரரிக்கு ஆளுங்க வர்றாங்கன்னா சந்தோஷம்தான்."

அக்கா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். குரூப்பில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.