விசாலம் மாமியின் பதினொரு வினாடிகள்

லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது மினதியிடமிருந்து போன் வந்தது. விசாலம் மாமியின் வீட்டில் பதினெட்டு வருடமாகச் சமைப்பவள். "மாஷிமா ஆர் நேய்" என்று வங்காளியில் சொன்னாள். மாமி இனி இல்லை. பூவைக் கடையிலேயே விட்டுவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிக்கும் லேக் கார்டன்ஸ் பெண்களுக்கு மாமியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் தனியாக இருந்தவர். யார் வீட்டுச் சாம்பார் நீர்த்திருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவர். நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு வலியுள்ள வயதான பெண்கள் ஏன் கீழே விழுகிறார்கள் என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க எல்லோரும் தயங்கியபோது மாமிதான் முதலில் கையை நீட்டினார். "இடுப்பு வலின்னா வயசாச்சுன்னு சொல்லி அனுப்பிடறா. இவளாவது உள்ள என்னன்னு பாக்கறேங்கறா, குடுங்கோடி" என்று மற்றவர்களை விரட்டினார். உங்களில் பலர் என்னிடம் வந்தது அந்த அதட்டலுக்குப் பயந்துதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நான் நேரம் பார்ப்பேன். நம்மவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்துவிடுவேன். போகும்போது மாமி கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் இருப்பார், அடுப்பில் ரவா உப்புமா தயாராக இருக்கும்.

அவருடைய மகன் ரகு இதே ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறார். நல்ல பிள்ளை. "டெஸ்ட்ல ஒரு தடவை அம்மா தடுமாறினாலும் சொல்லுங்கோ, நான் எங்காத்துக்கு அழைச்சுண்டு போயிடறேன்" என்று மாமியின் எதிரிலேயே என்னிடம் சொன்னார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன். மாமி உப்புமாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் அந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்பதை இனி நான் எழுதும் எண்தான் முடிவு செய்யும் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

கடைசியாகத் துர்கா பூஜைக்கு முன்னால் போனேன். பதினொரு வினாடி. என் பட்டியலில் எழுபது தாண்டிய யாரும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. ஒரு வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையிலோ அழற்சியின் அளவு எகிறியிருந்தது. உள்ளே அழற்சி கூடினால் தசை தளர்ந்து கால் தடுமாறுமா என்பதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். போன் செய்து கேட்டேன். லேசாக ஜலதோஷம் என்றார். ஜலதோஷம் என்றே எழுதிக்கொண்டேன். அந்த நடையும் இந்த ரத்தமும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும், எனக்குப் பிடித்ததை நம்பினேன்.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் காலை, பால்கனிக்கு இறங்கும் ஒற்றைப் படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மினதி சொன்னாள். என் போன் வந்த நிமிடத்திலிருந்து மாமி வேளை தவறாமல் வலி மாத்திரை போட்டுக்கொள்வாராம். கூடத்தில் நடந்து பழகுவாராம். நான் போன பிறகு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாராம்.

உள்ளே போய்க் கேட்டேன். மாமி மறுக்கவில்லை. "தேதி சொல்லிட்டுப் பரீட்சை வச்சா, படிக்காம யாராவது போய் உக்காருவாளாடி?" என்றார். பிறகு, "ரகுகிட்ட சொல்லாதே" என்றார். சளி நெஞ்சில் இறங்கி, பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். ரகுவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார். மாமி என்னை மன்னிக்க வேண்டும்.

தினமும் ஒருமுறையாவது அவர் என் முன்னால் நடக்கிறார். புடவையின் கொசுவம் தெரிகிறது, பாதம் தெரிகிறது. முகம் மட்டும் தெரிவதில்லை. அந்தப் பதினொரு வினாடியும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்ததா, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரா என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்குக் கிடைப்பதில்லை.

மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை. சிலருக்குக் கோபம், ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா என்கிறார்கள். மணியை அடித்துவிட்டு வெளியே நிற்கிறேன். உள்ளே நாற்காலி நகர்கிறது, சுவரில் ஒரு கை உரசிக்கொண்டு வருகிறது, நடுவில் நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது. கதவு திறக்க வெகுநேரம் ஆகிறது. நான் இரண்டாம் முறை மணி அடிப்பதில்லை.