அதிபரம்மா பாதியில் எழுந்தார்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்ற அந்தோனியம்மா, தன் வாழ்நாளில் எந்த நிகழ்ச்சியிலும் நன்றியுரைக்கு முன் எழுந்து போனதில்லை. பரிசளிப்பு விழா, ஒளி விழா, தொழிற்சங்கக் கூட்டம், கல்விக் கந்தோர் கருத்தரங்கு, எதுவானாலும் முன்வரிசைதான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால் பிள்ளைகள் எழுவார்கள், பிள்ளைகள் எழுந்தால் பெற்றோர் எழுவார்கள், மேடையில் பேசிக்கொண்டிருக்கும் பிரமுகரின் முகம் கறுத்துப்போகும். ஒரு தடவை பிரதம விருந்தினர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு, மத்தியானம் தொடங்க வேண்டிய விழா விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கியது. அப்போதும் கால் மரத்துப்போக அப்படியே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கணவர் அலோசியஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்ல நிகழ்ச்சி" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தன்னையே கேட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

ஹட்டனில் கலை விழா என்று முதலில் சொன்னது அலோசியஸின் தங்கை ஜொய்சி. அவள் ஹட்டன் கடைவீதியில், ஒரு புடவைக் கடைக்குப் பின்னால், பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறாள். மூன்று நாள் விழா. நகரத்தில் நான்கைந்து இடங்களில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சிகள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் சேர்த்துத்தான் அழைப்பு விட்டாள். கூட்டம் என்றாலே தலைவலி, முட்டி வேறு வலிக்கிறது என்று அலோசியஸ் வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்தோனியம்மா மட்டும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வளைந்து வளைந்து ஹட்டனுக்கு வந்து இறங்கினார்.

சலூன் கண்ணாடிக்கு முன்னால் இருவரும் பிளேன்டீயோடு உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை விரித்தார்கள். அந்தோனியம்மா கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விடைத்தாள் திருத்துகிற மாதிரி சரி போட்டுக்கொண்டே போனார். திறப்பு விழாவுக்கு ஒரு சரி, ஏனென்றால் ஓய்வு பெற்ற கல்விப் பணிப்பாளர் சண்முகராஜா சேர் தானே போன் பண்ணி அழைத்திருந்தார். சரித்திர நாடகத்துக்கு ஒரு சரி, அது பிள்ளைகளுக்குப் பயனுள்ளது. எந்தப் பிள்ளைகளுக்கு என்று ஜொய்சி கேட்டாள். அண்ணிக்குத்தான் இப்போது பிள்ளைகளே இல்லையே, போன வருடமே ஒப்படைத்துவிட்டு வந்தாயிற்றே என்றாள். அந்தோனியம்மாவின் பேனா அப்படியே நின்றது.

ஜொய்சியின் கணக்கு வேறு. யாருடைய படத்தில் தலை அலங்காரம் நன்றாக இருக்கிறதோ அந்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். இந்த முறையில் அவள் தேர்ந்தெடுத்தவை ஒரு இசைக்குழு, ஒரு பரதநாட்டியம், பிறகு மூலையில் முத்திரை அளவில் அச்சாகியிருந்த ஒரு சுருட்டை முடிக்காரி.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். முதலில் அண்ணியின் திறப்பு விழா. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திறப்பு விழாவில் அந்தோனியம்மாவுக்கு முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி. விளக்கு ஏற்றினார்கள், மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பேசினார்கள். ஒவ்வொருவரும் இரண்டே வார்த்தை என்று சொல்லித்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார்கள். நான்காவது பேச்சாளர், கலை என்றால் என்ன என்பதை ஆதிமனிதனிலிருந்து தொடங்கினார். அவர் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்குள் மண்டபத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுவிட்டார்கள்.

ஜொய்சி காதருகே குனிந்தாள். "அண்ணி, போவமா?"

"எங்க?"

"வெளிய."

முன்வரிசையில் இருந்து, பேச்சுக்கு நடுவில் போவதா என்று அந்தோனியம்மா திடுக்கிட்டார். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்து எழக் காத்திருந்த பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. மடியில் இருந்த கைப்பையைத் தோளில் மாட்டினார், எழுந்தார், சேலையைச் சரிசெய்தார், நடந்தார். வாசலுக்குப் போகிறவரை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்று முதுகு குறுகுறுத்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. பேச்சாளர் நெருப்பைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்து சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வெளியே பனிமூட்டம் ரோட்டு வரை இறங்கியிருந்தது. வடை வண்டியிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. அந்தோனியம்மா நடைபாதையில் நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"பெரிய பாவம் செஞ்ச மாதிரி இருக்கு, ஜொய்சி."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சரித்திர நாடகத்துக்குப் போனார்கள். ராஜாவுக்கு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது; அதைக்கூட அந்தோனியம்மா ரசித்தார். ஆனால் ராஜா தான் செய்யப்போவதை மந்திரிக்கு விளக்கி, மந்திரி அதைச் சேவகனுக்கு விளக்கி, சேவகன் சபைக்கு விளக்கத் தொடங்கியபோது எழுந்துவிட்டார். அடுத்து பரதநாட்டியம். குட்டிப் பிள்ளை ஒன்று, சலங்கை அவிழ்ந்து விழுந்ததும் அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, தாளம் தப்பாமல் ஆடி முடித்தது. அந்தோனியம்மா கை வலிக்கத் தட்டினார். அதே பாட்டு மூன்றாம் தடவை தொடங்கியதும் ஜொய்சியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். பட்டிமன்றத்தில் நடுவர் அவையோருக்கு வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே அவர்கள் ரோட்டில் இருந்தார்கள். இசைக்குழுவின் முதல் அடியிலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். அங்கே வாசலில் நின்ற சிங்களக் காவலாளி, இப்போதுதானே நோனா உள்ளே போனீர்கள் என்று கேட்டதற்கு, போதும் மகனே, வயிறு நிறைந்துவிட்டது என்று அந்தோனியம்மா சிங்களத்தில் பதில் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

போகப் போக அவருக்கு இதில் ஒரு கைத்திறனே வந்துவிட்டது. ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவது, கைப்பையை மடியில் வைக்காமல் தோளிலேயே விட்டுவிடுவது, குனிந்து நடக்காமல் ஏதோ அவசர வேலையாகப் போகிறவரைப்போல நிமிர்ந்து நடப்பது. நாலு மண்டபம் ஏறி இறங்கியதில் கொண்டை கலைந்திருந்தது. சலூன்காரியான ஜொய்சி அதைச் சரிசெய்ய வந்தபோது, இருக்கட்டும் என்று தட்டிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஓடியதில் ஒரு மருந்துக் கடையின் பக்கத்து மாடிப்படி கிடைத்தது. படியின் சுவரில் கையால் எழுதிப் படமும் ஒட்டிய தாள்: 'றொசானா. ஒரே ஆள், ஊரே பேசும்.' நிகழ்ச்சி நிரலில் முத்திரை அளவில் இருந்த அந்தச் சுருட்டை முடி இங்கே கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஜொய்சி தன் தேர்வு சரிதான் என்று முன்னால் ஏறினாள்.

மேலே சிறிய அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை. மேடை என்று எதுவும் இல்லை. ஒரு முக்காலியில், நீலச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் பிஸ்கட்டை அப்படியே வாய்க்குள் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவள்தான் றொசானா. பொகவந்தலாவைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், அதிபரம்மாவைப் பார்த்துத் தெரிந்தவள், இப்போது ஹட்டனில் ஒரு கடையில் காசாளர். இன்னும் யாராவது வருகிறார்களா என்று கொஞ்சம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. காலை ஆட்டத்துக்கும் ஒருவரும் வரவில்லை என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தோனியம்மா வந்த படியைத் திரும்பிப் பார்த்தார். இங்கே பிடிக்காவிட்டால் எப்படி எழுவது? தாங்கள் இருவரும் எழுந்தால் நிகழ்ச்சியே எழுந்துவிடும். பழைய வழக்கப்படி கைப்பையை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, முடிகிறவரை இருந்து தொலைப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

றொசானா முக்காலியைத் தள்ளி வைத்தாள். தொண்டையைச் செருமினாள். அடுத்த கணம் அந்த அறையில் விடியற்காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களம் இருந்தது. பேர் கூப்பிடுகிற மேற்பார்வைக் கண்டாக்கையாவும், வராதவளுக்காக 'இந்தா வந்துட்டா' என்று இழுக்கிற தோழியும், தூக்கம் கலையாமல் இருமுகிற கிழவரும் ஒரே வாயிலிருந்து வந்தார்கள். அங்கிருந்து பஸ்ஸுக்குத் தாவினாள். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் 'இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன' என்று சிங்களத்தில் கத்தி எல்லோரையும் முன்னுக்குத் தள்ளுகிற நடத்துநர். எங்கே போக, சாரதியின் மடியிலா என்று முணுமுணுக்கிற பாட்டியம்மா. பிறகு துபாயில் இருக்கிற மகளுடன் போனில் பேசுகிற தாய் வந்தாள். தூரம் அதிகம் என்பதால் மலை உச்சியில் ஏறி நின்று கத்துகிறாள். அந்தப் பக்கத்து லயத்து வீடுகளெல்லாம் ஒரே கேள்வியை மகளிடம் கேட்கச் சொல்லி இவளுக்குச் சேதி அனுப்புகின்றன: மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இருக்கா?

அந்தோனியம்மாவின் முதுகு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தது. பிறகு முன்னால் கவிழ்ந்தது. கைப்பை விழுந்து சீப்பும் செபமாலையும் சிவப்புப் பேனாவும் தரையில் சிதறின. சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. றொசானா நிறுத்திவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"குடிங்க டீச்சர். இருக்கிறதே ரெண்டு ஆளு, அதுலயும் பாதி போயிறாதீங்க."

தண்ணீர் இறங்கியதும் அந்தோனியம்மா எழுந்தார். றொசானாவின் முகம் ஒரு கணம் வாடியது. போகவில்லை, இரு என்று கைகாட்டிவிட்டு அவர் படியில் பாதிவரை இறங்கினார். கீழே கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகளை நிறுத்துகிற அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"எல்லாரும் மேல வாங்க. வரிசையா வாங்க. தள்ளக் கூடாது."

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். ஜொய்சி தன் சலூனுக்குப் போன் போட்டு, தலையில் மருதாணி அப்பிய நிலையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் பொலித்தீன் தொப்பியோடு வரவழைத்தாள். நாற்காலிகள் நிறைந்து, சுவரோரமும் ஆள் நின்றது.

விட்ட இடத்திலிருந்து தொடங்கவா, முதலிலிருந்தா என்று றொசானா கேட்டாள். முதலிலிருந்து என்றார் அந்தோனியம்மா.

அங்கேதான் சிக்கல். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். கண்டாக்கையா வாயைத் திறக்கும் முன்பே இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாய்த் தாய் போனைக் காதில் வைத்ததுமே மாப்பிள்ளையின் முடி நினைவுக்கு வந்து, நாற்காலி குலுங்கியது. முன்வரிசை இளைஞன் ஒருவன் திரும்பினான். "டீச்சர், கொஞ்சம் சத்தம் போடாம இருக்கீங்களா? எங்களுக்குக் கேக்க மாட்டேங்குது," என்று மரியாதையாகச் சொன்னான். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் 'சத்தம் போடாதே' என்று அதட்டிய அந்தோனியம்மா, தன் வாயில் தானே விரலை வைத்து, அதுவும் போதாமல் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் ஓடியது.

ஆட்டம் முடிந்து படியிறங்கியபோது எதிரே சண்முகராஜா சேர் வந்தார். மாலைகளின் சாமந்தி இதழ்கள் இன்னும் கோட்டில் ஒட்டியிருந்தன. நன்றியுரையில் பெயர் சொல்லி நன்றி கூறியபோது நாற்காலி காலியாக இருந்ததே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். அந்தோனியம்மாவுக்குப் பொய் வரவில்லை.

"இல்ல சேர். நல்லா இல்லன்னு எந்திரிச்சிட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு டீச்சர். நான்தான் மேடையில மாட்டிக்கிட்டேனே," என்றார். அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, மேலே ஏறிப் போய் முதல் நாற்காலியைப் பிடித்தார்.

பொழுது சாயும்போது றொசானா அன்றைய கடைசி ஆட்டத்தையும் முடித்துவிட்டு இவர்களோடு ஜொய்சி வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். சாப்பாட்டுப் பேச்சில் அலோசியஸின் முட்டி வலியும் வந்தது. அலோசியஸ் வீட்டிலிருந்து போன் பண்ணி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். அந்தோனியம்மா சொல்லத் தொடங்கினார்; "பஸ்ஸுல" என்ற வார்த்தைக்கு மேல் சிரிப்பில் நகர முடியவில்லை. ஜொய்சி போனை வாங்கினாள். அவளுக்கும் அதே கதி. ஏன் எல்லோரும் அழுகிறீர்கள் என்று அலோசியஸ் பதறினார்.

றொசானா இரண்டு பேரையும் பார்த்தாள். மேடையில் போடாத குரல் ஒன்று தன்னிடம் இருக்கிறது, ஆள் உயிரோடு இருப்பதால் வெளியில் எடுப்பதில்லை என்று மெல்லச் சொன்னாள். போனை வாங்கி, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். அது இரண்டு வீட்டுக்கும் மருந்து கொடுக்கிற, அவர்கள் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சர் ஐயாவின் பெருமூச்சு.

"அலோசியஸ், நாந்தான் பேசுறேன். ஹட்டன்ல ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்துல ஒங்க வீட்டம்மாவக் கண்டேன். முட்டி எப்படி?"

அந்தப் பக்கம் அலோசியஸ் எழுந்து நின்றுவிட்டதுபோல நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முட்டி வலியை அவர் ஆதியோடந்தமாக விவரித்தார். படி ஏறும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது வேறு மாதிரி. மூன்று பெண்களும் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"நாக்க நீட்டுங்க," என்றாள் றொசானா.

போனுக்குள்ளிருந்து "ஆ" என்று நீளமாக வந்தது.

நாக்கு நன்றாக இருக்கிறது, முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, வீட்டில் குந்தியிராமல் நாளைக் காலை ஹட்டனுக்கு வந்து நாலு நிகழ்ச்சி பார்க்க வேண்டும் என்று மருந்து சொன்னாள். சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்றார் அலோசியஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். அன்று முழுவதும் மூன்று பெண்களோடும் அலைந்து, தப்பாட்டக் கூடாரத்தில் முட்டியை மறந்து தாளம் போட்டு, ஐஸ்கிரீமும் சாப்பிட்டார். திரும்பிப் போகிற பஸ்ஸில்தான் அந்தோனியம்மா உண்மையைச் சொன்னார். அலோசியஸ் கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைப் பார்த்தபடி முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கேட்டார்:

"அப்ப என் நாக்கு நல்லா இருக்குன்னு சொன்னதும் பொய்யா?"